கியூஆர் கோடை ஸ்கேன் செய்தும் வாசலிலேயே நின்ற 89 பேர்

அனுப்புநர்:
பயிலரங்க ஒருங்கிணைப்பாளர் (உங்கள் கட்டணச் சந்தாதாரர்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: நேரில் வந்தவர்கள் குழு அரட்டையில் சேர முடியாமல் போனது, கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன வாரம் நாங்கள் நடத்திய இரண்டு நாள் பயிலரங்குக்கு 140 பேர் வந்திருந்தார்கள். அறை மாற்றம், நேர மாற்றம் போன்றவற்றை உடனுக்குடன் சொல்வதற்காக உங்கள் குழு அரட்டை ஆப்பைக் காசு கட்டி வாங்கினோம். முதல் நாள் மதியம் வரை அதில் சேர்ந்தவர்கள் 51 பேர்தான்.

வாட்ஸ்அப்பே போதும் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், பலருடைய போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. நான்தான் வேண்டாம் என்றேன். அதில் நம்முடைய எண் குழுவில் இருக்கிற முன்பின் தெரியாதவர்களுக்கும் போய்விடுகிறது. முன்பு ஒரு நிகழ்ச்சி முடிந்த பிறகு, யாரென்றே தெரியாத ஒருவர் ராத்திரியில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்ததாக ஒரு பெண் என்னிடம் வருத்தப்பட்டார். அது எனக்கு மறக்கவில்லை. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். ஆனால் கணக்கு இல்லாதவர் முதலில் கணக்கு தொடங்க வேண்டும். உங்கள் விளம்பரமோ, 'ஸ்கேன் செய்தால் போதும், எண் யாருக்கும் தெரியாது' என்றது. நம்பினேன்.

ஸ்கேன் செய்தால் ஆப் ஸ்டோர் திறக்கிறது. இறக்கி முடித்தால் செல்போன் எண் கேட்கிறது. ஓடிபி வர வேண்டும். அப்புறம் மின்னஞ்சல், அதற்கும் ஒரு சரிபார்ப்பு. கடைசியில் படம் போடச் சொல்கிறது.

பதிவு மேசையில் என் எதிரே ஒரு வயதான அம்மா நின்றார். போனில் இடமில்லை என்று வந்ததால், பேரக்குழந்தையின் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அழித்தார். ஆப் ஒருவழியாக இறங்கியது. ஓடிபி வரவில்லை. மூன்று முறை கேட்டதும், சிறிது நேரம் கழித்து முயலுங்கள் என்று உங்கள் ஆப் கதவைச் சாத்திவிட்டது. "பரவாயில்லம்மா, நீங்களே வாயால சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் அழித்த வீடியோக்களை நினைத்தால் இப்போதும் மனசு சங்கடப்படுகிறது.

ஓடிபி ஏன் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மண்டபத்து வைஃபை நன்றாகத்தான் இருந்தது. எஸ்எம்எஸ் பெரும்பாலும் செல்போன் சிக்னல் வழியாகத்தான் வர வேண்டும். கனமான சுவர்களுக்குள், ஒரே இடத்தில் இத்தனை போன்கள் கூடினால் அது திணறும். வெளிநாட்டிலிருந்து வந்த நான்கு பேர், வேறு நாட்டிலும் தங்கள் எண் வேலை செய்ய உதவும் ரோமிங் சேவையையே நிறுத்தி வைத்திருந்ததால் அவர்களுக்கும் எஸ்எம்எஸ் வரவில்லை. நேரில் கூடுகிறவர்களுக்கென்றே விற்கிற ஆப்பில் இதை யோசித்திருக்க வேண்டாமா?

மதியம் ஒரு அமர்வை மாடிக்கு மாற்றி, குழுவில் அறிவித்தோம். கீழே பழைய அறையில் முப்பது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னபோது மாடியில் பாதி அமர்வு முடிந்திருந்தது. தாமதமாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்கும் பழைய செய்திகள் தெரியவில்லை. காலையில் போட்ட அட்டவணையைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இது முடியாத காரியம் இல்லை. 1988-இல் வந்த ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறையிலேயே ஒரு புனைபெயரைத் தட்டினால் அரட்டை அறைக்குள் போய்விடலாம். லிங்க்கைத் தொட்டதும் பிரவுசரிலேயே குழு திறக்கட்டும், பெயர் மட்டும் கேளுங்கள். வேண்டாதவர்கள் வராமல் தடுக்க, மேசையில் நாங்கள் எழுதி வைக்கிற ஒரு நான்கு இலக்க எண் போதும். புதிதாக வருகிறவருக்கு முந்தைய செய்திகள் தெரிய வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் குழுவை முழுசாக அழிக்கும் வசதியும் வேண்டும். இப்போது அந்த 51 பேரின் எண்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

நாங்கள் கட்டிய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பன் தருவதாக உங்கள் உதவி மையத்தில் சொன்னார்கள். அது வேண்டாம். 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். ரசீதையும், ஓடிபி திரையின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பயிலரங்க ஒருங்கிணைப்பாளர்