கேட் 12-க்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக்கு ஒரு விமான நிலையம் வேண்டும் என்று உங்கள் கடிதப் பகுதியில் வாசகர்கள் எழுதி வருகிறார்கள். உலகப் போர்க் காலத்து ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது என்கிறார்கள். வந்தால் நல்லதுதான். என் ஆசை அதைவிடச் சின்னது. இருக்கிற விமான நிலையங்களில் எந்தக் கட்டடம், எந்த வாசல் என்று நம் ஆட்களுக்குத் தமிழில் யாராவது சொன்னால் போதும்.

என் ஆச்சிக்கு (எங்கள் பக்கம் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவோம்) வயது 72. மகன் வீட்டுக்குத் தனியாகப் போனார்கள். வழியில் விமானம் மாற வேண்டும். எந்த ஊர் என்பது வேண்டாம். போர்டிங் பாஸில் கேட் 12 என்று அச்சாகியிருந்ததால், அதற்கு எதிரே இடம்பிடித்து, மடியில் பையோடு இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்திருக்கிறார்கள். இதற்குள் கேட் 27-க்கு மாறிவிட்டது. மைக்கில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்களாம். தரை துடைக்க வந்த பெண் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். கதவு சாத்துவதற்குள் போய்விட்டார்கள். பையிலிருந்த மாவுருண்டைதான் பொடியாகிவிட்டது.

"அச்சடித்துக் கொடுத்ததையும் மாற்றுவார்களா?" என்று ஆச்சி இன்னும் கேட்கிறார்கள். மாற்றுவார்கள். பெரும்பாலான நிலையங்களில் கேட் எந்த விமான நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. நம் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறை உண்டே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. இது பழனியில் நகரத்தார் தங்கும் நகர விடுதி அறை மாதிரி. முன்னால் தங்கியவர் காலி செய்யவில்லை என்றால் உங்களுக்கு வேறு அறை. முந்தைய விமானம் தாமதமாகி அங்கேயே நின்றால் அடுத்ததை வேறு கேட்டுக்கு அனுப்புவார்கள். பெரிய விமானம் சின்ன இடத்தில் நிற்காது. வெளிநாட்டு விமானமென்றால் குடியேற்றச் சோதனை தாண்டிய பகுதியில்தான் கேட் கிடைக்கும். சில கேட்டுகளில் விமானத்துக்குள் நேரே நடந்து போகும் பாலமே கிடையாது. கீழே இறங்கி பஸ் ஏற வேண்டும். பாலத்துக்குத் தனிக் கட்டணம் என்பதால் சிக்கன விமானங்கள் சில பஸ்ஸோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆகவே பாஸில் இருப்பது அச்சடித்த நேரத்து நிலவரம். அப்புறம் நடப்பதைத் திரைதான் சொல்லும்.

டெர்மினல், அதாவது எந்த முனையக் கட்டடம் என்ற விஷயம், இதைவிடச் சிக்கல். திருச்சியில் கவலையில்லை. 2024 ஜூனிலிருந்து இயங்கும் புதிய முனையத்தில் உள்நாடு, வெளிநாடு இரண்டும் ஒரே கட்டடம். குழப்பம் இறங்குகிற ஊரில். சிங்கப்பூர் சாங்கியில் நான்கு டெர்மினல்கள். 1, 2, 3 மூன்றுக்கும் இடையே ஆளில்லா ரயில் ஓடுகிறது. 2017-இல் திறந்த நான்காவது தனியே நிற்கிறது; அதற்கு பஸ். கோலாலம்பூரில் ஏர் ஏசியா இரண்டாம் டெர்மினலில் இறக்கிவிடும். பாத்திக் ஏரில் போனால் முதலாவது. இரண்டுக்கும் நடுவே ரயில் பிடிக்க வேண்டும். தேவகோட்டைக்காரர் ஒருவர் முதலாவதில் மாலையோடு நிற்க, மாமனார் இரண்டாவதில் பெட்டியோடு நின்ற கதையும் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு துறைமுகம், ஒரு கப்பல். பினாங்கு போய்ச் சேர ஒரு வாரம் ஆகும் என்பது வேறு விஷயம்.

காரைக்குடியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் டிராவல்ஸ்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தீபாவளி இதழில் பக்கம் பக்கமாக அவர்கள் விளம்பரம்தான் வருகிறது. அதனால் இதை அவர்கள் பார்ப்பார்கள். டிக்கெட்டின் பின்புறம், ஏறும் டெர்மினல், இறங்கும் டெர்மினல், விமான எண் மூன்றையும் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். 'கேட் மாறலாம், திரையைப் பாருங்கள்' என்று கீழே ஒரு வரி. கதவு சாத்துவது புறப்படும் நேரத்தில் இல்லை, பல நிறுவனங்களில் அதற்கு 20 நிமிடம் முன்பே என்று இன்னொரு வரி. தமிழ்நாட்டு விமான நிலையங்களில் கேட் மாற்றத்தைத் தமிழிலும் நிதானமாக இரண்டு தடவை சொல்ல நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆச்சி இந்தத் தையில் மறுபடி போகிறார்கள். விமான எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வாசகர் ஒருவர்