அதே ட்யூப்பை மறுபடியும் கேட்பவர்களுக்கு

வணக்கம். எங்கள் மருந்துக் கடையில் படர்தாமரை க்ரீமின் காலியான ட்யூப்பை நீட்டி "இதே ஒன்று கொடுங்க" என்று நீங்கள் கேட்கும்போது, எந்த இடத்தில் போடுகிறீர்கள், எத்தனை நாளாக என்று நாங்கள் விசாரிப்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. தொடை இடுக்கு அரிப்பைப் பற்றிக் கடையில் நின்று பேச யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் கேட்காமல் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

படர்தாமரைக்கு என்று பலரும் வாங்கும் அந்த க்ரீமில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. க்ளோட்ரிமசோல் பூஞ்சையை ஒடுக்கும். கூட இருக்கும் பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, அதுவும் வீரியமானது. அது பூஞ்சையை ஒன்றும் செய்யாது, அரிப்பையும் சிவப்பையும்தான் அடக்கும். சில நாளிலேயே அரிப்பு நின்றதும் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறோம். பூஞ்சையோ அங்கேயேதான் இருக்கிறது, ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பையும் தணித்து வைத்திருப்பதால் இன்னும் தாராளமாகப் பரவுகிறது. திரும்ப அரிப்பு, திரும்ப அதே ட்யூப். இப்படியே போனால் வட்டத்தின் விளிம்பு கலைந்து, டாக்டருக்கே அது படர்தாமரைதானா என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.

அப்புறம் தோல் மெலிந்துபோவது. இடுக்குகளில் மருந்து அதிகம் உள்ளே இறங்கும், மாதக்கணக்கில் போட்டால் பிரசவ வரி மாதிரி கோடுகள் விழும், அவை முழுதாக மறைவதில்லை. முகத்தில் போடவே வேண்டாம். குழந்தையின் டயப்பர் புண்ணுக்கும் வேண்டாம்.

டாக்டரே இந்த ஸ்டீராய்டு கலந்த க்ரீமை எழுதித் தந்திருந்தால், இடுக்குக்கும் உடம்புக்கும் 2 வாரம், கால் சேற்றுப்புண்ணுக்கு 4 வாரம், அதைத் தாண்டாதீர்கள். சாதாரணப் படர்தாமரைக்குப் பெரும்பாலும் பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீமே போதும். அரிப்பு மெதுவாகத்தான் அடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தடிப்பைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவி, மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடருங்கள். துண்டைத் தனியாக வையுங்கள், வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவரும் சேர்ந்தே வைத்தியம் செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

பல மாதமாக ஸ்டீராய்டு க்ரீம் போட்டவர்களுக்கு, நிறுத்தியதும் அரிப்பும் சிவப்பும் முதலில் கூடலாம். பயந்துபோய் மறுபடி அதையே எடுக்காமல், அந்தப் பழைய ட்யூப்போடு தோல் டாக்டரைப் பாருங்கள்.

கடையில் ஆட்கள் இருக்கும்போது கூச்சமாக இருந்தால் ட்யூப்பை மட்டும் காட்டுங்கள், ஓரமாக வந்து பேசுகிறோம்.