மாடிக் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு

நம் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தை மற்றவர்கள் சுற்றிப் பார்க்கக் கதவைத் திறந்து வைத்தோமே, அன்று 11 வீட்டுப் படிகளை ஏறி இறங்கியதில் முழங்கால் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. நன்றியை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், ஆனால் யார் வீட்டு வாசலில் நின்று ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மேற்குத் தாம்பரத்துக்கு நாங்கள் குடிவந்து 22 வருஷம் ஆகிறது. இதுவரை அடுத்தவர் மாடிக்கு நான் ஏறியதெல்லாம் பிரம்ம கமலம் பூத்த ராத்திரிகளில் மட்டும்தான். மெக்சிகோ பக்கத்துக் கள்ளிச்செடி அது. இங்கே பெயரோடு பிரம்மாவும் ஒட்டிக்கொண்டதால் சூடம் காட்டிக் கும்பிடுகிறோம். அப்படி ஒரு ராத்திரியில்தான் ‘பூவுக்குக் கூப்பிடுகிறவர்கள் கத்தரிக்காய்க்கும் கூப்பிட்டால் என்ன’ என்று யாரோ கேட்டார்கள். இங்கிலாந்தில் இருக்கும் என் மகளிடம் சொன்னபோது, வீட்டுத் தோட்டங்களை ஊரார் பார்க்கத் திறந்துவிடுவதை அங்கே 1927-லேயே தொடங்கிவிட்டார்கள் என்றாள். முதல் வருஷம் 609 தோட்டங்கள், ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். வசூல், வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்களுக்கு.

நாம் காசு வாங்கவில்லை. ஆனால் நீங்கள் கொடுத்தது அதைவிடப் பெரிசு. நம் வீடுகளில் கொல்லைக்கோ மாடிக்கோ போக வேண்டுமென்றால் ஹாலைத் தாண்டி, பல வீடுகளில் சமையலறையையும் தாண்டித்தான் போக வேண்டும். காயப்போட்ட துணி, கழுவாத குக்கர், கட்டிலில் படுத்திருக்கும் பெரியவர் எல்லாம் கண்ணில் படும். அப்படியும் முன்பின் பேசியிராத எங்களை உள்ளே விட்டீர்கள். மூன்றாம் வீட்டுப் பாட்டி படுத்தபடியே, “அந்தக் கருவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்தறது நான்தான், அவ இல்ல” என்று மருமகள் எதிரிலேயே சொன்னதை மறக்க முடியுமா!

கடைசி வீட்டு சாருக்குத் தனியாக ஒரு நன்றி. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மாமரத்தின் அடிக்கட்டையை அவர் தோண்டி எறியவில்லை. அதன் பக்கத்துத் துளிர் இன்று அவர் உயரத்தைத் தாண்டிவிட்டது. காய்க்குமா என்று கேட்டேன். “நிழல் விழுந்தாச்சு, அது போதும்” என்றார். பிரண்டையை ஆளுக்கொரு துண்டு ஒடித்துக் கொடுத்துவிட்டு, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கச் சொன்னவரும் அவர்தான். நான் தடவவில்லை. ராத்திரி முழுக்க அரிப்பு.

அப்புறம், ஒரு மன்னிப்பும் பாக்கியிருக்கிறது. டீச்சரம்மா மாடியில் என் பேரன் பீர்க்கங்கொடியிலிருந்து பிஞ்சு ஒன்றைக் கிள்ளிவிட்டான். முதல் நாள் டீச்சரே கையால் மகரந்தம் சேர்த்து வைத்த பெண் பூவின் பிஞ்சு அது. எனக்குத் தலை நிமிரவில்லை. அவரோ, “சாயங்காலம் அஞ்சரைக்கு இவனை அனுப்புங்க” என்றார்.

நானும் கூடவே போனேன். பூசணி காலையில் விரியும், பீர்க்கை சாயங்காலம்தான் விரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாடியில் தேனீ குறைவு என்பதால் அந்த வேலையை அவரே செய்கிறாராம். ஆண் பூ ஒன்றைப் பறித்து, மஞ்சள் இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருந்ததைப் பையன் கையில் கொடுத்தார். காம்போடு சின்னப் பிஞ்சு ஒட்டியிருந்த பூவைக் காட்டி, “இதுமேல மெதுவா ஒத்து. தேய்க்காத” என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றினான். விரல் நுனியெல்லாம் மஞ்சள். அன்று ராத்திரி கை கழுவ மாட்டேன் என்று ஒரே அடம்.

செருப்புகளைக் காவல் காத்த இஸ்திரிக்கடைத் தம்பிக்கும், இரண்டு அண்டா மோர் கலக்கிய மாடிவீட்டு அக்காவுக்கும், தளம் ஒழுகாமல் இருக்கச் செடிப் பைகளுக்கு அடியில் செங்கல் வைக்கும் விதத்தை வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி அண்ணனுக்கும் நன்றி. தோட்டம் இல்லை என்று கூச்சப்பட்டு, வாசலில் இருந்த ஒரே துளசி மாடத்தைக் கழுவிக் கோலம் போட்டு வைத்தீர்களே, உங்கள் வீட்டையும் எண்ணித்தான் 11 என்றேன்.

டீச்சர் வீட்டுப் பீர்க்கை நேற்று ஒரு விரல் நீளம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பேரன் தினமும் ஏறிப் பார்க்கிறான்; டீச்சரம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயம்: ‘ரா.’ என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாருடையதோ, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வெண்டைச்செடியையும் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
நீலக் கேட் வீட்டுக்காரன்