18 மீட்டர் எறும்பைச் சுமந்தவர்களுக்கு

அன்பான எல்லோருக்கும் வணக்கம்.

பிரெஞ்சுக் கவிஞர் ரொபேர் தெஸ்னோஸின் கவிதைகளைத் தமிழில் கொண்டுவந்த எங்கள் சின்னப் புத்தகம் போன மாதம் கைக்கு வந்தது. அதில் நன்றிக்கென்று மிஞ்சியது அரைப் பக்கம். பெயர்களை அடுக்கியதோடு இடம் முடிந்துவிட்டது. யார் என்ன செய்தீர்கள் என்று எழுதாமல் விட்டது மனதை அரித்துக்கொண்டே இருந்தது, அதுதான் இந்த மடல்.

முதல் நன்றி மகளின் இரண்டாம் வகுப்பு ரீச்சருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, இது அவர் கண்ணில் படப்போவதும் இல்லை. பிரான்சில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் தெஸ்னோஸின் எறும்புப் பாட்டிடம் தப்பியவர்கள் குறைவு. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, மகள் குசினி வாசலில் நின்று ஒப்புவித்தாள். எறும்பின் நீளம் 18 மீட்டர். தலையில் தொப்பி. பெங்குவினும் வாத்தும் நிறைந்த வண்டியை இழுத்துப் போகிறது, பிரெஞ்சும் லத்தீனும் ஜாவா மொழியும் பேசுகிறது. அப்படியொன்று கிடையவே கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்த பாட்டு, கடைசியில் ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். "அம்மா, இதைத் தமிழில சொல்லுங்கோ" என்றாள். இரண்டாவது வரியிலேயே விழுந்தேன்.

எங்கள் ஊர் நூலகத்துப் பெண்மணிக்கு அடுத்த நன்றி. சிறுவர் பாட்டுக்காரர் என்று நினைத்துப் போனவளுக்கு முன்னால் ஒரு முழு மனிதரையே மேசையில் பரப்பி வைத்தார். 1900இல் பாரிசில் பிறந்தவர். அப்பா லே ஆல் சந்தையில் கோழி, வாத்து விற்றவர் (வண்டி நிறைய வாத்து எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது ஒரு சந்தேகம்). 1922இல் சர்ரியலிசக்காரர்கள் (கனவையும் அடிமனதையும் கலையாக்கப் பார்த்தவர்கள்) கூடியிருந்து உறக்கநிலையில் பேசிப் பார்த்த இரவுகளில், கண்ணை மூடியதும் கவிதை கொட்டியது இவருக்குத்தான். அவர்களின் தலைவர் அந்த்ரே பிரெத்தோன் 1924இல் எழுதிய சர்ரியலிச அறிக்கையில் இவரை வாயாரப் புகழ்ந்தார். ஐந்தாறு வருடத்தில் இருவருக்கும் முறிந்தது. பிறகு தெஸ்னோஸ் வானொலிக்குப் போனார், விளம்பரப் பாட்டும் எழுதினார். 1933இல் ஃபான்டோமாஸ் என்ற பொல்லாத திருடனைப் பற்றிய அவருடைய நீண்ட பாட்டு, குர்ட் வைலின் இசையோடு ஒலிபரப்பானது. உறங்கிக்கொண்டு பேசியவரைவிட, விளம்பரத்துக்கு மெட்டுப் பார்த்து எழுதியவரைத்தான் எனக்குப் பிடிக்கிறது. விமர்சகர்கள் கோபிக்கட்டும்.

புதுச்சேரி ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகள் மட்டும் ஒன்பது மணி நேரம் வரும். ஜாவா மொழி என்று நான் நேராக எழுதி வைத்திருந்தேன். அதே சொல், வார்த்தைக்குள் 'அவ்' என்று செருகிப் பேசும் பிரெஞ்சு விளையாட்டுப் பேச்சுக்கும் பெயர் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். "நம்ம பிள்ளைகள் 'க' போட்டுப் பேசுவாங்களே, அது மாதிரிம்மா." அன்றிலிருந்து எங்கள் எறும்பு பிரெஞ்சு, லத்தீன், க-பாஷை பேசுகிறது. மகள் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஐயா பிடித்த இன்னொரு பிழையைப் பகிரங்கமாகவே ஒப்புக்கொள்கிறேன். 41ஆம் பக்கத்தில் "முகாமில் எழுதிய கடைசிக் கவிதை" என்று ஒன்றைப் போட்டிருந்தேன். புத்தகம் அச்சாகி வந்தபிறகுதான் அவர் பார்த்தார். "இது எங்கேருந்து எடுத்தீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நடந்தது இது. தெஸ்னோஸ் பிரான்சைப் பிடித்திருந்த நாஜிகளுக்கு எதிரான இயக்கத்தில் இருந்தவர். 1944 பெப்ரவரி 22இல் கெஸ்டாப்போ, அதாவது நாஜி இரகசியப் பொலிஸ், வருகிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. தான் ஓடினால் துணைவி யுக்கியைப் பிடிப்பார்கள் என்று வீட்டிலேயே நின்றார். ஔஷ்விட்ஸ், புக்கன்வால்ட், ஃப்ளோசன்பர்க் என்று நாஜி வதைமுகாம் மாற்றி முகாம் இழுக்கப்பட்டு, செக் நாட்டுத் தெரெசீனில் டைபஸ் காய்ச்சலோடு கிடந்தார். முகாம் விடுதலையாகி ஒரு மாதத்தில், 1945 ஜூன் 8இல் இறந்தார். செக் பத்திரிகை ஒன்று அஞ்சலிக் குறிப்போடு, 1926இல் அவர் எழுதிய காதல் கவிதையின் முடிவு வரிகளைச் செக் மொழியில் போட்டது. பிரான்சில் அதைப் புதுக் கவிதை என்று நினைத்துத் திரும்பப் பிரெஞ்சுக்குப் பெயர்த்துவிட்டார்கள். அதுவே "கடைசிக் கவிதை" ஆனது. பிரெஞ்சு இசையமைப்பாளர் புலாங்க் 1956இல் அதற்கு இசையும் அமைத்தார். அதைத்தான் நான் மூன்றாம் முறையாகத் தமிழுக்கு இழுத்து வந்திருக்கிறேன்!

150 பிரதி. திரும்ப அச்சடிக்கக் காசில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு அக்காமாருக்கும் ஒரு தம்பிக்கும் நன்றி. தம்பி திருத்தத்தை அச்செடுத்துத் துண்டு துண்டாக வெட்டினான், அக்காமார் கோதுமைமாப் பசை காய்ச்சி ஒட்டினார்கள். மாலை ஆறு மணிக்கு மேசை, கதவுக் கைப்பிடி, தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் பசை.

இருவருடைய பெயரை மட்டும் இங்கே எழுதுகிறேன். யோசெஃப் ஸ்துனா மருத்துவம் படித்துக்கொண்டிருந்த செக் மாணவர். அலெனா தெசார்ஜோவா தாதி. தெரெசீன் நோயாளர் பட்டியலில் தெஸ்னோஸ் என்ற பெயர். சர்ரியலிசப் புத்தகமொன்றில் பார்த்த புகைப்படம் ஸ்துனாவுக்கு ஞாபகம் வந்தது. எலும்பும் தோலுமாய்க் கிடந்தவரிடம், தெஸ்னோஸ் என்ற கவிஞரைத் தெரியுமா என்று கேட்டார்கள். அது நான்தான் என்றார் அவர். பெயரில்லாத பிணமாகப் போகாமல் அவரைக் காத்தது அந்த ஒரு கேள்வி. குழந்தைகளுக்கான அவருடைய பாட்டுப் புத்தகம் பாரிசில் வெளிவந்தது, அவர் சிறைப்பட்டிருந்த 1944இல்.

41ஆம் பக்கத்தில் துண்டு ஒட்டாத பிரதி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கோ. பன்னிரண்டு துண்டு மிச்சம் இருக்கிறது, பசையும் காய்ச்சித் தருகிறேன்.