அது அடிமையின் தலை இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜெர்மனி பயணக் கட்டுரையில், கோபுர்க் நகரச் சின்னத்தின் படத்துக்குக் கீழே 'கறுப்பு அடிமையின் தலை' என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அது இந்த ஊரின் காவல் புனிதர் மௌரீசியுஸின் தலை. எகிப்திலிருந்து வந்த ரோமானியப் படைத்தலைவர். கிறிஸ்தவர்களைக் கொல்லச் சொன்ன ஆணைக்குப் பணியாமல், இன்றைய சுவிட்சர்லாந்தில் தன் வீரர்களோடு வெட்டுப்பட்டு இறந்தார் என்பது மரபு. ஜெர்மனியின் மக்டேபுர்க் பேராலயத்தில் அவருடைய 13ஆம் நூற்றாண்டுச் சிலை ஒன்று இருக்கிறது. கறுத்த முகம், உடம்பெல்லாம் போர்க்கவசம். அவரையா அடிமை என்கிறீர்கள்?

நான் கோபுர்க்கில்தான் குடியிருக்கிறேன். தெருவில் சாக்கடை மூடியில்கூட அந்த முகம் வார்க்கப்பட்டிருக்கும். ஊரின் பெரிய தேவாலயமும் அவர் பெயரில்தான். உங்கள் இதழைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து அத்தை போன் செய்து, "அடிமைத் தலையை மாட்டி வச்சிருக்கிற ஊர்ல ஏன்டா இருக்கே?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.

1934இல் நாஜிகள் இந்தக் கறுப்பு முகத்தை எடுத்துவிட்டு, பிடிக்குமிழில் ஸ்வஸ்திகா பதித்த வாளைச் சின்னமாக வைத்தார்கள். 1945இல் அவர்கள் ஒழிந்த பிறகுதான் மௌரீசியுஸ் திரும்பி வந்தார். தங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. கட்டுரையில் ஏன் ஒரு வார்த்தை இல்லை? முகத்தை வரைந்திருக்கும் விதம், அந்தத் தடித்த உதடும் காது வளையமும், சரியா என்று 2020இல் சர்ச்சை கிளம்பியது. அது நியாயமான கேள்வி. எனக்கும் அந்த உதட்டைப் பார்த்தால் சங்கடம்தான். ஆனால் ஆள் யாரென்றே மாற்றிச் சொல்வது வேறு விஷயம்.

இது முதல் தடவையும் இல்லை. மியூனிக் சின்னத்தில் இருக்கும் துறவியை 'பீர் குடிக்கும் சிறுவன்' என்று எழுதினீர்கள். அப்புறம் கோபுர்க்கைக் கிழக்கு ஜெர்மனியில் கொண்டுபோய் வைத்தீர்கள். 1919இல் மக்கள் வாக்களித்து, 1920இலேயே பவேரியா மாநிலத்தோடு சேர்ந்து, அதனால் மேற்கு ஜெர்மனியில் இருந்த ஊர் இது. இரண்டுக்கும் கடிதம் போட்டேன், ஒன்றும் வரவில்லை. இதழே வாரக்கணக்கில் தாமதமாகத்தான் வருகிறது, வெளிநாட்டுச் சந்தாவை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த இதழில் அந்தப் படத்தை மறுபடி போட்டு, கீழே 'புனித மௌரீசியுஸ்' என்று அச்சிடுங்கள். அத்தைக்கு அந்தப் பக்கத்தை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கோபுர்க், ஜெர்மனி