பரிசுத்தம் என்பது சுத்தம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் ஆன்மிகப் பக்கத்தில், ‘பரிசுத்தம் என்றால் அழுக்குப் படாமல் இருப்பது’ என்று ஒரு விளக்கம் வந்திருந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இதே விளக்கத்தால் ஒரு பெண் எங்கள் கிறிஸ்தவக் கோயில் வாசலோடு திரும்பிப் போனதைப் பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

தமிழ் சொல்லிக் கொடுத்தே காலம் கழித்தவள், முதலில் சொல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன். என் அப்பா சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர், அம்மா கடற்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கத்தோலிக்கர். இரவு ஜெபத்தில் ‘எங்கள் பிதாவே’ என்பது வரை எல்லோரும் ஒரே குரலாகச் சொல்வோம். அடுத்து நாங்கள் ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்போம்; அம்மா குரலைத் தாழ்த்தி ‘அர்ச்சிக்கப்படுவதாக’ என்பார். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அதே வரி ‘உமது பெயர் தூயதெனப் போற்றப்பெறுக’ என்று இருக்கிறது. அம்மாவின் சொல்லில் வணக்கம் இருக்கிறது. மற்ற இரண்டிலும் சுத்தமும் தூய்மையும் முந்திக்கொண்டு காதில் விழுகின்றன. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் பரிசுத்தத்துக்கு உள்ள ‘கதோஷ்’ என்ற சொல் கடவுளுக்கென்று பிரித்து வைத்ததைக் குறிக்கும். அம்மா காணிக்கைக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருப்பாரே, அந்தக் காசு மாதிரி. மற்ற காசைவிட அது பளபளப்பாக ஒன்றும் இருக்காது. ஆனால் என்ன முடை வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்.

வேதமே இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் என்ற புத்தகம் 10-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனத்தைப் பாருங்கள். பரிசுத்தமுள்ளது, பரிசுத்தமில்லாதது என்று ஒரு ஜோடி. தீட்டுள்ளது, தீட்டில்லாதது என்று இன்னொரு ஜோடி. சீனாய் மலையடியில் ஜனங்களைத் துணி துவைக்கச் சொன்ன இடமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்ற கட்டளையோடு லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் தொடங்குகிறதே, அதை மேலே படித்துப் பாருங்கள். வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காமல் ஏழைக்கு விடச் சொல்கிறது. செவிடனை நிந்திக்காதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே, அந்நியனை உன்னைப் போல நேசி என்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது. கடைசியில் ‘சுமுத்திரையான தராசு, சுமுத்திரையான நிறைகல்’, அதாவது சரியான தராசு, சரியான எடைக்கல் என்று கடைத்தெருவுக்கே வந்துவிடுகிறது.

அந்தச் சுமுத்திரையை எனக்குக் கண்ணால் காட்டியவர் அப்பா. பலசரக்குக் கடை வைத்திருந்தார். எடைக்கல்லைத் திருப்பினால் அடியில் ஈயம் அடைத்து, அதன் மேல் முத்திரை அடித்திருக்கும். ‘இது லேவியராகமத்துல இருக்கு’ என்று என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். வெல்லம் நிறுத்தால், தட்டில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அடுத்த ஆளுக்கு நிறுப்பார். ஒட்டியது அப்படியே இருந்தால் வாங்குகிறவருக்கு அவ்வளவு குறையும் அல்லவா? ஒரு மழை நாள், மூட்டை இறக்கியவர் கூலி வாங்காமலே போய்விட்டார். சோறு போட்டு வைத்திருக்கிறது, ஜெபத்துக்குப் பாய் விரித்திருக்கிறது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நனைந்து திரும்பி வந்து, தலையைத் துவட்டி, அப்புறம்தான் ‘எங்கள் பிதாவே’ தொடங்கினார்.

இப்போது அந்தப் பெண். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து. இரவு டூட்டி முடிந்து சீருடையோடு நேரே வந்துவிட்டார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கப் போனவரிடம் கமிட்டிக்காரர் ஒருவர், ‘குளிச்சு மாத்திட்டு வரலாமேம்மா, பரிசுத்த ஸ்தலமில்லையா’ என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். இரண்டு எட்டுத் தள்ளி நின்றிருந்த நானும் வாய் திறக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டே ஓரேப் மலைக்கு வந்த மோசேயிடம் ‘நீ நிற்கிற இடம் பரிசுத்த பூமி’ என்று சொன்ன கடவுள், செருப்பைக் கழற்றத்தான் சொன்னார். அதை அந்தப் பெண் சொல்லாமலே செய்திருந்தார். இயேசு குஷ்டரோகியைத் தொட்டபோது தீட்டு அவரிடம் ஒட்டவில்லை. நோயாளிதான் சுத்தமானான். மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: ‘கடவுள் பெயர் ஏற்கெனவே பரிசுத்தம்தானே டீச்சர், பரிசுத்தப்படட்டும்னு நாம எதுக்கு வேண்டணும்?’ பதில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 36-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கடவுளின் ஜனங்கள் என்று பெயர் வாங்கியவர்களே, போன இடமெல்லாம் அவர் நாமத்தைப் ‘பரிசுத்தக்குலைச்சல்’ ஆக்கினார்கள். கெடுத்தவர்கள் உள்ளே இருப்பவர்கள். அதனால்தான் அந்த வேண்டுதலைக் கடவுளின் பிள்ளைகளாகிய நம் வாயில் இயேசு வைத்தார் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அந்த ஞாயிறும் ‘பரிசுத்தப்படுவதாக’ என்று சொல்ல வாயெடுத்தபோது எனக்குக் குரல் வரவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ‘டிரெஸ் ரொம்ப வாடை அடிச்சுதா டீச்சர்?’ என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தப் பகுதியை எழுதுகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘பரிசுத்தராயிருங்கள்’ என்ற வசனத்தை இனி அச்சிடும்போது, அதன் கீழே அதே அதிகாரத்தின் 36-ஆம் வசனம் வரை சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் கூலியைப் பற்றிய 13-ஆம் வசனத்தையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை