யார் ஜெயித்தது என்று கேட்டாயே

எடின்பரோ,
4 செப்டம்பர் 2022

அன்புள்ள விஸ்வா,

மே மாதம் நீ கேட்ட கேள்விக்குச் செப்டம்பரில் பதில் வருகிறது. திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மாப்பிள்ளை சொன்னான், சந்தோஷம். நீ சர்க்கரையைக் குறைத்துவிட்டதாகவும் சொன்னான். அதை மட்டும் நான் நம்பவில்லை.

"உங்க ஊர் கார்ப்பரேஷன் எலெக்‌ஷன்ல யார்ப்பா ஜெயிச்சா?" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டாய். உனக்கென்ன, பிப்ரவரியில் அங்கே 21 மாநகராட்சியையும் ஒரே கூட்டணி வாரிக்கொண்டு போனது, ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இங்கே ஸ்காட்லாந்தில் 32 கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள். மே 5-ஆம் தேதி எல்லாவற்றுக்கும் சேர்ந்தே தேர்தல். அதில் 27 இடங்களில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடையாது. டன்டீயில் எஸ்என்பி (ஸ்காட்லாந்து அரசை நடத்துகிற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி), மேற்கு டன்பார்டன்ஷயரில் லேபர் (தொழிற்கட்சி), மூன்று தீவுக் கவுன்சில்களில் சுயேச்சைகள், அவ்வளவுதான். கிளாஸ்கோவில் எஸ்என்பிக்கு 37, லேபருக்கு 36! நம் ஊராக இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரியே இரண்டு பேரை வேனில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

சரி, எடின்பரோவுக்கு வருகிறேன். இந்த முறை ஓட்டுப் போட என்னோடு சின்னவளும் வந்தாள். 16 வயது ஆனால் இங்கே உள்ளாட்சிக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் ஓட்டு உண்டு. நாம் காமன்வெல்த்துக்காரர்கள் என்பதால் எனக்கு முன்பிருந்தே உண்டு. சிரியாவிலிருந்து அகதியாக வந்த எதிர் வீட்டுக்காரருக்கு இதுதான் முதல் தடவை. சட்டத்தை 2020-இல் மாற்றி, இங்கே முறையாகத் தங்கியிருக்கிற எல்லா வெளிநாட்டுக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். மனிதர் கல்யாணத்துக்குப் போவதுபோல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே போனால் அடையாள அட்டை கேட்கவில்லை, விரலில் மை வைக்கவில்லை. பெயரையும் விலாசத்தையும் சொன்னால் சீட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நூலில் கட்டிய பென்சில். வாசலில் யாரோ கட்டிப்போட்ட நாய். நம் பூத் ஏஜென்ட் புளியோதரை இங்கே வந்தால் வேலையில்லாமல் செத்தே போவான்.

சீட்டில் பெருக்கல் குறி போடுவது கிடையாது. 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். நீ ராஜ்யசபா தேர்தலைப் பற்றி டீக்கடையில் பாடம் எடுப்பாயே, எம்எல்ஏக்கள் போடும் விருப்ப வாக்கு, அதே கணக்குதான். அங்கே சட்டமன்றத்துக்குள் நடப்பது இங்கே தெருவுக்கு வந்திருக்கிறது. ஒரு வார்டுக்கு மூன்று அல்லது நான்கு கவுன்சிலர். நான்கு இடத்துக்கு 10,000 செல்லுபடியான ஓட்டு என்று வை. ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டு: 2,001. அதைத் தொட்டவர் உள்ளே. ஒருவர் 3,000 வாங்கிவிட்டால் மிச்சம் 999 வீணாகாது. அவருடைய 3,000 சீட்டும் அடுத்த எண் போட்ட ஆளுக்குப் போகும், சீட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்போடு. கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளையும் மதிப்புக் குறையாமல் அடுத்த எண்ணுக்கு நகர்த்துவார்கள். கையால் எண்ணினால் தலை சுற்றும், அதனால் மறுநாள் இயந்திரத்தில் ஸ்கேன் செய்து எண்ணுகிறார்கள். 2007-இலிருந்து இந்த முறை. அதற்கு முன் நம்மைப் போலத்தான், அதிகம் வாங்கியவன் ஜெயித்தான். ஸ்காட்லாந்து அரசில் லேபரோடு கூட்டணி ஆட்சியில் இருந்தபோது லிபரல் டெமாக்ரட்காரர்கள் பிடிவாதம் பிடித்து வாங்கியது இது. அந்த 2007-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலையும் ஒரே நாளில் வைத்து, அதற்கான இரண்டு ஓட்டையும் ஒரே தாளில் அச்சடித்து, ஒரு சீட்டில் குறி போடு, இன்னொன்றில் எண் போடு என்றதும் ஜனங்கள் குழம்பி, நாடாளுமன்றச் சீட்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேல் செல்லாமல் போனது. அப்புறம்தான் இரண்டையும் பிரித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். ஒரே கட்சியில் இரண்டு பேர் நின்றால், மேலே இருப்பவருக்கு '1' விழுந்துவிடும், கீழே இருப்பவருக்கு '2'. அதைச் சமாளிக்கக் கட்சிக்காரர்கள் இந்தத் தெருவில் இவரை முதலில் போடு, அந்தத் தெருவில் அவரை முதலில் போடு என்று நோட்டீஸை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆறுமுகம் இங்கே நின்றால் படுத்துக்கொண்டே ஜெயிப்பான். நீ விஸ்வநாதன், டெபாசிட் தேறாது. (இங்கே கவுன்சிலுக்கு டெபாசிட்டே கிடையாது, கவலைப்படாதே.)

இனி உன் கேள்வி. எடின்பரோவில் 63 இடம். எஸ்என்பி 19, லேபர் 13, லிபரல் டெமாக்ரட் 12, பசுமைக் கட்சி 10, கன்சர்வேட்டிவ் 9. ஐந்து வருடத்துக்கு முன் கன்சர்வேட்டிவுக்கு 18 இருந்தது, அப்படியே பாதி. ஊரடங்கில் விருந்தில் கலந்துகொண்டு போலீஸிடம் அபராதம் கட்டிய அந்தக் கட்சிப் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு இங்கே கிடைத்த ரசீது அது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். லிபரல் டெமாக்ரட் 6-இலிருந்து இரட்டிப்பு. எஸ்என்பி அசையவே இல்லை, அன்றும் 19 இன்றும் 19. லேபருக்கு ஒன்றே ஒன்று கூடியது.

ஆட்சி யாரிடம் என்று நினைக்கிறாய்? அந்த ஒன்று கூடிய லேபரிடம்.

இதைச் சின்னவளுக்கு விளக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! அவள் பசுமைக்கு 1, எஸ்என்பிக்கு 2 போட்டவள். முடிவு வந்த அன்று, நான் போட்ட ரெண்டு பேரும் உள்ளே போயாச்சு என்று குதித்தாள். மே கடைசியில் கவுன்சில் கூடியது. எஸ்என்பியும் பசுமையும் சேர்ந்தால் 29, பெரும்பான்மைக்கு வேண்டிய 32-க்கு மூன்று குறைகிறது. லேபர் 13, லிபரல் டெமாக்ரட் 12, கன்சர்வேட்டிவ் 9 சேர்ந்தால் 34. இத்தனைக்கும் போன ஐந்து வருடம் எஸ்என்பியும் லேபரும் சேர்ந்துதான் ஆண்டார்கள். அதில் துணைத் தலைவராக இருந்த கேமி டே இப்போது தலைவர், தலைவராக இருந்த ஆடம் மெக்வே எதிர் வரிசையில். யாரோடும் முறையான கூட்டணி கிடையாது என்று ஸ்காட்டிஷ் லேபர் தலைவர் அனஸ் சர்வார் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தார். அதனால் இது கூட்டணி இல்லையாம், சிறுபான்மை நிர்வாகமாம். நம் ஊர் பாஷையில் வெளியிலிருந்து ஆதரவு. லார்ட் ப்ரவோஸ்ட் என்று ஒரு மேயர் பதவி உண்டு, சங்கிலி போட்டுக்கொண்டு ரிப்பன் வெட்டுவது, அது லிபரல் டெமாக்ரட்டுக்குப் போனது. கன்சர்வேட்டிவ் தயவில் ஆள மனசில்லாமல் லேபரிலேயே இரண்டு கவுன்சிலர்கள் ஆதரவு ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். கட்சி அவர்களை இடைநீக்கம் செய்துவிட்டது.

"19-ஐ விட 13 பெரிசாப்பா?" என்று கேட்டாள். 32 பேரைச் சேர்க்கிறவர்தான் ஆளமுடியும், யாருக்கும் தனியாக 32 இல்லை என்றேன். "அப்போ எதுக்கு எங்களை 1, 2, 3 போடச் சொன்னாங்க? கடைசியில அவங்க போட்டதுதானே கணக்கு?" என்றாள். சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஸ்வா, அந்தக் கேள்விதான் இத்தனை மாதமாக என்னைக் குடைகிறது. சட்டப்படி எல்லாம் சரி. ஆதரித்தவர்கள் எல்லோருமே மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். பெரிய கட்சியே ஆளவேண்டும் என்றால் பழைய முறையே போதுமே. நூற்றுக்கு முப்பது வாங்கியவன் ஊரையே எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்றுதானே இதைக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் சீட்டில் நான் எண் போடும்போது ஆட்களை வரிசைப்படுத்தினேனே தவிர, எந்தக் கட்சி எதோடு சேரவேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. லேபருக்கு 1 போட்டுவிட்டுக் கன்சர்வேட்டிவை விட்டால் போதும் என்று நினைத்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஓட்டைத் தசமப் புள்ளிவரை நேர்மையாகப் பிரித்துக் கொடுக்கிறது அந்த இயந்திரம். அதற்குப் பிறகு மூன்று வாரம் மூடிய அறையில் நடந்ததற்கு எந்தச் சூத்திரமும் இல்லை. ஓட்டுப் போட வந்தவர்களே நாடு முழுக்க நூற்றுக்கு 44.8 பேர்தான். முதல் தடவை போட்ட பெண் இப்படிக் கதவைச் சாத்தினால், அடுத்த தடவை வருவாளா?

நீ சிரிப்பாய். இதற்கா இவன் இவ்வளவு எழுதுகிறான் என்று. ஆகஸ்டில் இங்கே வந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய். உலகம் முழுவதும் நாடக விழாவுக்கு வந்து இறங்கியிருந்த நேரம், 18-ஆம் தேதியிலிருந்து 30 வரை குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம். ராயல் மைல் தெருவில் தொட்டி நிரம்பி, நிரம்பிய தொட்டிமேல் மூட்டை, மூட்டைமேல் கடல்காக்கை. எங்கள் லீத் வாக்கில் ஏற்கெனவே ட்ராம் தண்டவாள வேலை, அதோடு இதுவும். நான் அந்தத் தொழிலாளர்கள் பக்கம்தான். முதலில் சம்பளத்தை 2 சதவீதம் ஏற்றித் தருகிறேன் என்றார்கள், பிறகு 3.5, அப்புறம் 5. விலைவாசியோ 10-ஐத் தாண்டிவிட்டது. முந்தாநாள் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் உட்கார்ந்து பேசிய பிறகு அடுத்த கட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

இதில்தான் சின்னவளிடம் மாட்டிக்கொண்டேன். ஊரெல்லாம் கேமி டேயைத் திட்டுகிறது. ஆனால் சம்பளத்தை எடின்பரோ மட்டும் தனியாகப் பேச முடியாது, 32 கவுன்சிலுக்கும் சேர்த்து அவற்றின் கூட்டமைப்புதான் தொழிற்சங்கங்களோடு பேசுகிறது. பணத்தில் பெரும்பகுதி எஸ்என்பி அரசிடமிருந்து வரவேண்டும். வீட்டு வரியோ 1991-இல் போட்ட வீட்டு மதிப்பை வைத்தே இன்றும் ஓடுகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ 19 பேர் ஆண்டிருந்தாலும் குப்பை இப்படியே கிடந்திருக்கும், அப்படித்தானே?" என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளைக்கு லண்டனில் புதுப் பிரதமர் யார் என்று அறிவிக்கிறார்கள். அதற்கு ஓட்டுப் போட்டது கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் மட்டும். அவளிடம் இன்னும் அதைப் பேசவில்லை. எதற்கு வம்பு?

கவுன்சில் கூட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். போன கூட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தாள், குறிப்பு வேறு எடுத்தாள். யார் எதற்கு எதிராகக் கை தூக்கினார் என்று கேட்டால் இப்போது என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். புளியோதரையை டிசம்பரில் அவளோடு பேச விடலாம் என்றிருக்கிறேன், யாராவது ஒருவர் திருந்துவார்கள்.

டிசம்பர் 17 டிக்கெட் போட்டாகிவிட்டது. பழைய மெஸ் பக்கம் போக ஒரு நாள் ஒதுக்கிவை. நீ கேட்ட முழங்கால் பட்டையை வாங்கிவிட்டேன். அளவு 'பெரியது' என்று போட்டிருக்கிறது, உனக்குப் போதுமா என்று உடனே எழுது, இல்லையென்றால் மாற்றிக்கொள்ளப் பதினைந்து நாள்தான் அவகாசம்.

அன்புடன்,
கண்ணன்